ரோவானாபூரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு கணக்கு உண்டு

‘பிளாக் லகூன்’ என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரை அண்மையில் பார்த்து முடித்த ஒருவர், அதே சாயலில் ஒரு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேமை (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் விளையாட்டை) நண்பர்கள் நால்வருடன் நடத்த விரும்புகிறார். இருமுறை முயன்றிருக்கிறார், இருமுறையும் அரைமணி நேரத்துக்குள் எல்லாரும் துப்பாக்கியை உருவிவிட, மீதி மாலை முழுவதும் பகடை உருட்டுவதிலேயே கழிந்து ஆட்டம் சலித்துப்போயிற்றாம். எந்த விதிநூலை எடுப்பது, எப்படிப்பட்ட கதைகளை அமைப்பது என்பது அவருடைய கேள்வி. தொடரைப் பார்த்தவருக்கே எழுதுவதால் கதை முடிச்சுகளை மறைக்காமல் பேசுகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

விதிநூலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் ஆட்டம் சலித்ததற்கு விதிநூல் காரணமல்ல என்றே நினைக்கிறேன். ‘பிளாக் லகூன்’ என்றதும் இரு கைகளிலும் பெரெட்டா துப்பாக்கியோடு கப்பலுக்குக் கப்பல் தாவும், லகூன் கம்பெனி என்ற கடத்தல் குழுவின் ரெவிதான் நினைவுக்கு வருகிறாள். அந்தக் காட்சிகளை மேசைக்குக் கொண்டுவர முயன்றால் அவை உயிரற்றுத்தான் கிடக்கும். ஏனெனில் திரையில் அவற்றுக்கு உயிர் கொடுப்பவை அசைவும் இசையும் படத்தொகுப்பும். அவற்றில் எதுவும் உங்கள் மேசையில் இல்லை. மேசைக்குக் கொண்டுவரக்கூடியது வேறொன்று: கதை நடக்கும் ரோவானாபூர் என்ற ஊரின் கொடுக்கல் வாங்கல்.

ஹிரோயே ரெய் 2002 முதல் வரைந்துவரும் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) தொடரைத்தான் மேட்ஹவுஸ் நிறுவனத்துக்காகக் கதபுச்சி சுனாவோ 2006-இல் இயக்கினார். அந்த ஆண்டிலேயே பன்னிரண்டு பன்னிரண்டாக 24 பகுதிகள் வந்தன. 2010-11-இல் ரொபெர்டா என்ற பணிப்பெண்ணை மையமாக வைத்து மேலும் 5 பகுதிகள் வெளியாயின. டோக்கியோவில் நடக்கும் நீண்ட கதையையும் ரொபெர்டாவின் இரண்டாம் கதையையும் ஒதுக்கிவிட்டால், மற்றவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று பகுதிகளுக்குள் முடிந்துவிடும் தனித்தனி வேலைகள். யாரோ ஒருவர் கூலி பேசுகிறார், சரக்கு ஏறுகிறது, பேசியபடி எதுவும் நடப்பதில்லை, கடைசியில் யாரோ யாருக்கோ கடன்பட்டு நிற்கிறார்கள். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் கூடுகிற ஒரு குழுவுக்கு இதைவிடத் தோதான கதையமைப்பு கிடைப்பது அரிது.

இனி ஊரைப் பார்ப்போம். ரோவானாபூர் தாய்லாந்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட துறைமுக நகரம். நுழைவுப் பாலத்தில் தூக்குக்கயிறு தொங்குகிறது. துறைமுகத்தில் சிதைந்த புத்தர் சிலை நிற்கிறது. ஊரை நான்கு கைகள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன: ஆப்கானிஸ்தானில் போரிட்ட முன்னாள் சோவியத் வான்குடைப் படை வீரர்களைக் கொண்ட, பலலைக்கா என்ற பெண்ணின் ஹோட்டல் மாஸ்கோ கும்பல், சாங் தலைமையிலான ஹாங்காங் ட்ரையட், கொலம்பியக் கார்ட்டெல், இத்தாலிய மாஃபியா. கன்னியாஸ்திரிகள் தேவாலயத்தில் ஆயுதம் விற்கிறார்கள். எல்லோ ஃபிளாக் மதுக்கடையின் உரிமையாளர் பாவோ, கடை அடிக்கடி நொறுக்கப்படுவதால், குடிக்கும் மேடையையே தோட்டா துளைக்காதபடி கட்டி வைத்திருக்கிறார். சிரிப்புக்காக வைத்த விவரம்போலத் தோன்றினாலும், அந்த ஊரில் வன்முறை என்பது வீட்டு வாடகையைப்போல மாதாந்தரச் செலவு என்பதை அந்த ஒரு மேடை சொல்லிவிடுகிறது.

கவனித்துப் பாருங்கள். அந்த ஊரில் ஒருவர் சுடப்பட்டால், ‘அவன் யாருடைய ஆள்’ என்பதே முதலில் எழும் கேள்வி. கொலைகாரர்களான இரட்டைக் குழந்தைகளின் கதையில் ஹோட்டல் மாஸ்கோவின் ஆட்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும்போது நான்கு தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சந்தேகிக்கும் காட்சி இருக்கிறதே, அதில் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஆனாலும் தொடரின் மிக இறுக்கமான காட்சிகளில் அதுவும் ஒன்று. உங்கள் ஆட்டத்தில் வந்த எதிரிகள் யாருக்கும் சொந்தமில்லாதவர்களாக இருந்திருப்பார்கள். சுட்டார்கள், விழுந்தார்கள், அடுத்த அறைக்குள் போனீர்கள். விழுந்தவனுக்காக மறுநாள் காலையில் கதவைத் தட்ட ஒருவரும் வராத ஊரில் துப்பாக்கிக்கு எடை ஏது?

இந்தக் கணக்கு வழக்கை விதியாகவே எழுதிவைத்திருக்கும் நூல் ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் த டார்க்’. 2017-இல் அச்சில் வந்த அந்த நூலின் களம் பேய்கள் உலவும் ஒரு தொழில் நகரம். பேய்களை எடுத்துவிட்டால் ரோவானாபூருக்கு அப்படியே பொருந்தும். அதில் ஆட்டக்காரர்கள் தனியாள்களாக மட்டுமல்லாமல் ஒரு கும்பலாகவும் பதிவாகிறார்கள். ஊரிலுள்ள ஒவ்வோர் அணியோடும் அவர்களுக்குள்ள உறவு கழித்தல் 3 முதல் கூட்டல் 3 வரையிலான எண்ணாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் எவ்வளவு சத்தம் போட்டார்கள், பிணம் விழுந்ததா என்பதைப் பொறுத்துச் ‘சூடு’ ஏறுகிறது. ஆபத்துகளையும் அணிகளின் திட்டங்களையும் நான்கு, ஆறு, எட்டுத் துண்டுகளாகப் பிரித்த வட்டங்களில் நிரப்பிக்கொண்டே போகிறார்கள். வட்டம் நிறைந்தால் அது நடந்தே தீரும். இந்த வட்டங்களுக்குக் கடிகாரம் என்று பெயர். நான்கு அணிகளுக்கும் ஆளுக்கொரு கடிகாரம் வரைந்து, எல்லாரும் பார்க்கும்படி மேசை நடுவில் வையுங்கள். இத்தாலியர்களின் கடிகாரத்தில் ஐந்து துண்டுகள் நிரம்பியிருப்பதைக் கண்ணால் பார்க்கிற ஆட்டக்காரர், இத்தாலியனை நோக்கித் துப்பாக்கியை நீட்டுமுன் ஒருமுறை யோசிப்பார். அந்த ஒருகணத் தயக்கம்தான் நீங்கள் இருமுறை தேடியும் கிடைக்காத ‘பிளாக் லகூன்’.

சண்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. சண்டை வந்தால் விரைவில் முடியவேண்டும். ஹாங்காங் அதிரடிப் படங்களை மனத்தில் வைத்து ராபின் லாஸ் 1996-இல் எழுதிய ‘ஃபெங் ஷுய்’ என்ற விளையாட்டில் பெயரில்லாத அடியாள்களுக்குக் காயக்கணக்கே கிடையாது; சரியாகப் பட்டால் ஒரே அடியில் விழுந்துவிடுவார்கள். ‘சாவேஜ் வேர்ல்ட்ஸ்’ விதிகளிலும் முக்கியமானவர்களையும் மற்றவர்களையும் இப்படியே பிரித்திருக்கிறார்கள். இந்த ஒரு விதியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டால் போதும். இருபது பேரை வீழ்த்துவதற்கு ஓர் உருட்டல், அந்த இருபது பேரின் முதலாளியைச் சமாளிப்பதற்கு ஓர் அமர்வு என்பதே சரியான விகிதம். பெயருள்ளவர்கள் மோதும்போது மட்டும் நேரத்தைத் தாராளமாகச் செலவழியுங்கள். ரெவியும் ரொபெர்டாவும் தோட்டா தீர்ந்து, கத்தி கைவிட்டு, வெறும் கையால் அடித்துக்கொள்கிற நிலைக்கு வருவதை நினைவுகூருங்கள். அந்தச் சண்டையில் யார் வெல்வார் என்பதைவிட, சுற்றி நிற்கிற பலலைக்காவின் ஆட்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்பதே உண்மையான பதற்றம்.

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விதிகளை மாற்றியமைத்து ஆடலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஆடலாம், ஆனால் நிலைக்கு நிலை பலம் ஏறி, பத்துத் தோட்டா பட்டும் நிமிர்ந்து நிற்கிற நாயகர்களை உருவாக்கும் விதிகள் அவை. ரோவானாபூரில் யாரும் நிலை உயர்வதில்லை, கடன்தான் உயர்கிறது. (அனிமேயும் இந்த வகை விளையாட்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜப்பானில் பின்னர் அனிமேயாகவும் வந்த ‘லோடோஸ் போர்’ தொடர் பிறந்ததே, குரூப் எஸ்.என்.இ. குழுவினர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியதை 1986 முதல் ‘கம்ப்டிக்’ இதழில் உரையாடலாக அச்சிட்டதிலிருந்துதான். மேசையிலிருந்து திரைக்குப் போன பாதையில் நீங்கள் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள், அவ்வளவே.)

படகைத் தனியே கவனிக்கவேண்டும். லகூன் கம்பெனியின் படகு இரண்டாம் உலகப்போர் காலத்து எல்கோ வகை பி.டி. படகு, அதாவது டார்பிடோ ஏவும் சிறு போர்ப்படகு. நீளம் 80 அடி, மூன்று பேக்கார்ட் என்ஜின்கள், மணிக்கு ஏறத்தாழ 40 கடல்மைல் வேகம். உடல் மகாகனிப் பலகை. தொட்டியில் 3,000 கேலன், அதாவது 11,000 லிட்டருக்கு மேல், விமானப் பெட்ரோல். மரத்தாலான பெட்ரோல் பீப்பாய் ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டு துப்பாக்கிச் சண்டை போடுகிறார்கள் என்பதை ஆட்டக்காரர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுங்கள். போர் முடிந்ததும் பசிபிக் பகுதியில் எஞ்சிய பி.டி. படகுகளில் பெரும்பாலானவற்றைப் பிலிப்பைன்ஸின் சமார் தீவில் அமெரிக்கக் கடற்படையே எரித்துவிட்டது. அப்படியானால் உங்கள் படகு எப்படித் தப்பியது, அதன் என்ஜினுக்கு உதிரிபாகம் இன்றும் யாரிடம் இருக்கிறது, அவர் அதற்கு என்ன விலை கேட்பார்? மூன்று அமர்வுகளுக்கான கதை இந்தக் கேள்விகளிலேயே கிடக்கிறது.

படகின்மீது கடனையும் ஏற்றுங்கள். 1977-இல் வந்த ‘டிராவலர்’ என்ற விண்வெளி விளையாட்டில் கப்பல் வாங்குகிறவர்கள் அதன் விலையில் 240-இல் ஒரு பங்கை மாதந்தோறும், 480 மாதங்களுக்குக் கட்டவேண்டும். நாற்பது ஆண்டுத் தவணை! வீரசாகசம் செய்யவேண்டும் என்ற ஆசையே இல்லாத ஆட்டக்காரர்களையும் மாதம் பிறந்ததும் கூலிவேலை தேடி அலையவைத்த விதி அது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் யாரையும் கதைக்குள் இழுத்துவர வேண்டியதில்லை, தவணைத்தேதி இழுத்துவரும். ரோவானாபூரில் வங்கிக்குப் பதிலாகப் பலலைக்காவிடம் வாங்கிய கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நடத்துவதாக இருந்தால் காலத்தையும் தேதியோடு நிர்ணயித்துவிடுவேன். தொடர் தொண்ணூறுகளின் நடுவில் நடக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்ததால்தான் பலலைக்காவின் வீரர்களுக்குப் படையும் இல்லை, நாடும் இல்லை. அதே தர்க்கத்தைச் சற்று முன்னே நகர்த்தி, 1996 இலையுதிர்காலத்தில் கேம்பெயினை, அதாவது பல அமர்வுகளாக நீளும் தொடர்கதையைத், தொடங்கலாம். 1997 ஜூலை 1 அன்று ஹாங்காங் சீனாவிடம் ஒப்படைக்கப்படுகிறது. மறுநாளே, ஜூலை 2 அன்று, தாய்லாந்து அரசு டாலருக்கு ஏறத்தாழ 25 என்று கட்டிவைத்திருந்த பாட் நாணயத்தை மிதக்கவிடுகிறது. 1998 ஜனவரிக்குள் அது டாலருக்கு 50-ஐத் தாண்டிச் சரிகிறது. இந்த இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்து மேசையில் மாட்டிவிடுங்கள். ட்ரையட்காரர்கள் ஜூலைக்கு முன் பணத்தையும் ஆட்களையும் இடம் மாற்றத் துடிப்பார்கள்; அதனால் வேலைகள் குவியும், கூலியும் நன்றாக வரும். கூலி பாட்டில் வருகிறது, படகுக் கடனோ டாலரில் இருக்கிறது. ஜூலை 3 காலையில் அவர்கள் சேர்த்துவைத்ததன் மதிப்பு கரையத் தொடங்கும், கடனோ குறையாது. எந்த வில்லனும் சுடாமல், எந்தச் சதியும் நடக்காமல், செய்தித்தாளில் வந்த ஒரு வரியால் கும்பல் திவாலாவதைப்போன்ற ஒரு திருப்பத்தை நீங்களாக உட்கார்ந்து கற்பனை செய்தால்கூட எழுத முடியாது. வரலாறு தெரிந்த ஆட்டக்காரர் முன்கூட்டியே டாலருக்கு மாற்ற முயன்றால் தடுக்காதீர்கள். டாலர் தருகிறவர் யார், அவர் ஏன் தருகிறார் என்பது இன்னொரு கதை.

அடுத்தது ராக். உங்கள் நால்வரில் யாரும் அவரைப்போன்ற பாத்திரத்தை ஏற்க முன்வராததுகூடச் சலிப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ராக் எனப்படும் ஒகாஜிமா ரொகுரோ ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் ஊழியர். ரகசிய டிஸ்கோடு பிடிபட்டு, நிறுவனமே தன்னைச் சாகவிட்டுவிட்டது என்று அறிந்தபின் கடத்தியவர்களோடே சேர்ந்துவிடுகிறார். ஆனால் வெள்ளைச் சட்டையையும் கழுத்துப்பட்டையையும் கழற்றுவதில்லை, துப்பாக்கியையும் எடுப்பதில்லை. இரண்டாம் பகுதியில் துரத்திவரும் ஹெலிகாப்டரை டார்பிடோவால் வீழ்த்தலாம் என்று யோசனை சொல்வது அவர்தான். மூழ்கிக்கிடக்கும் கப்பலைச் சாய்தளமாக்கிப் படகு எம்பிப் பாய்வது இயற்பியலுக்குச் சற்றும் பொருந்தாது, ஆனாலும் அந்தக் காட்சியை யாரும் மறப்பதில்லை. துப்பாக்கி இல்லாதவர் அந்தப் படகில் தம் இருக்கையைச் சம்பாதித்த இடம் அது.

ஆகவே சுடத் தெரியாத பாத்திரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு நிகரான அதிகாரத்தை விதியிலேயே கொடுக்கவேண்டும். ‘பிளேட்ஸ் இன் த டார்க்’கில் முன்கதை என்ற வசதி இருக்கிறது: இக்கட்டு வந்தபின், ‘இதை நேற்றே எதிர்பார்த்து இன்னாரிடம் பேசிவைத்தேன்’ என்று ஓர் ஆட்டக்காரர் மன அழுத்தப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டு அந்தக் காட்சியை உருவாக்கலாம். இந்த வசதியை ராக் வகைப் பாத்திரத்துக்கு மட்டும் பாதி விலையில் கொடுங்கள். பதிலுக்கு ஒரு நிபந்தனையும் வையுங்கள்: அவரது தாளில் ஐந்து கட்டங்கள் கொண்ட கழுத்துப்பட்டை ஒன்றை வரைந்து, பிறர் உயிரைப் பந்தயமாக வைத்து அவர் காய் நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டத்தைக் கறுப்பாக்கச் சொல்லுங்கள். ரொபெர்டாவின் இரண்டாம் கதையில் ராக் எப்படிப்பட்ட சூதாடியாக மாறிப்போகிறார் என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டங்களின் பொருள் புரியும். ஐந்தும் கறுத்தபின் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டாம். அந்த ஆட்டக்காரரே அப்போது சொல்லட்டும்.

டோக்கியோ கதையில் பலலைக்காவுக்கு மொழிபெயர்ப்பாளராக ராக் போகிறாரே, அதிலிருந்து மேசைக்கு நேராக எடுத்துக்கொள்ளத்தக்க ஓர் உத்தி இருக்கிறது. பேச்சுவார்த்தைக் காட்சியில் எதிர்த்தரப்பின் சொற்களைக் கேம் மாஸ்டர் வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதி மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் நீட்டவேண்டும். மற்றவர்கள் காதில் விழுவது அவர் சொல்வது மட்டுமே. மிரட்டலை மென்மையாக்குவாரா, வசவை விழுங்குவாரா, தம் தரப்பின் ஆத்திரத்தை எதிரிக்கு எவ்வளவு கொண்டுசேர்ப்பார்? பகடையே தேவைப்படாத ஒரு மணி நேரம் இது, மேசையே மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். அமர்வு முடிந்தபின் சீட்டுகளை எல்லாரும் பார்க்கும்படி பரப்பிவைத்தால் அது தனி வேடிக்கை.

சரக்கே வாய் திறந்து பேசத் தொடங்குவது இன்னொரு வலுவான கரு. கார்சியா என்ற சிறுவனைச் சேர்ப்பிக்க ஒப்புக்கொண்டபின்தான் அவன் யார், அவனைத் தேடி வரும் பணிப்பெண் யார் என்பது லகூன் குழுவுக்குத் தெரிகிறது. உங்கள் ஆட்டத்தில் அது வயதான கணக்குப்பிள்ளையாக இருக்கலாம், ஊர் திரும்ப அஞ்சும் சமையல்காரராக இருக்கலாம். படகு ஒருநாள் பயணத்தில் இருக்கும்போது ஆட்டக்காரர்களுக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காமல், அந்த ஆளோடு பேசவைத்தால் போதும். கள்ளநோட்டு அச்சிடும் ஜேனின் கதையைப்போல ஒரே ஆளைப் பிடிக்க ஊரிலுள்ள கூலிக்கொலைகாரர்கள் எல்லாரும் ஒரே இரவில் கிளம்புவதை நகைச்சுவையாகவே நடத்தலாம். கடினமான அமர்வுகளுக்கிடையே அப்படியொன்று தேவைப்படும்.

கடினம் என்றதும் இரட்டையர் கதையைப் பற்றி ஒரு சொல். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்த ஆணையும் அதன் விளைவாக நிரம்பிவழிந்த அனாதை விடுதிகளும் அந்தக் குழந்தைகளின் பின்னணி. தொடரின் மிகக் கனமான பகுதி அது. ராக்கால் அவர்களைக் காப்பாற்ற முடிவதில்லை. அதை அப்படியே மேசைக்குக் கொண்டுவரவேண்டாம் என்பது என் கருத்து. எதை ஆட்டத்தில் தொடவே கூடாது, எதைக் காட்டாமல் திரையை இறக்கிவிடலாம் என்று முதல் நாளே பேசி எழுதிவைப்பது இத்தகைய குழுக்களில் வழக்கம். குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமையை நான் எப்போதும் முதல் பட்டியலில் வைப்பேன். நடுவில் யாருக்கேனும் ஒவ்வாமல் போனால் காரணம் சொல்லாமல் தொட்டுக் காட்சியை மாற்றச் செய்யும் எக்ஸ் அட்டையும் மேசையில் இருக்கட்டும்.

ஒரு விதியை மட்டும் நானே சேர்ப்பேன். நீர்மூழ்கிக் கப்பலில் செத்தவர்களின் பதக்கங்களை ரெவி அள்ளிக்கொள்ள, ராக் முகம் சுளிக்க, அந்த மனக்கசப்பு வளர்ந்து ஏழாம் பகுதியில் நடுச்சந்தையில் துப்பாக்கி வெடிப்பதுவரை போகிறது. தொடரின் உச்சம் அந்தச் சண்டைதான் என்பேன். அதில் எதிரி என்று யாரும் இல்லை. மேசையில் இது நிகழவேண்டுமானால், ஒவ்வோர் ஆட்டக்காரரும் தம் தாளில் ‘நான் செய்யவே மாட்டேன்’ என்று ஒரு வரியும், ‘இவர் செய்வதை என்னால் சகிக்க முடியவில்லை’ என்று மற்றொருவரின் பெயரோடு ஒரு வரியும் எழுதவேண்டும். இரண்டு பாத்திரங்கள் வெளிப்படையாகச் சண்டையிட்டுச் சமாதானமானால் இருவரின் மன அழுத்தமும் முழுதாகத் துடைக்கப்படும். சமாதானமாகாவிட்டால் ஒன்றும் கிடைக்காது, அடுத்த வேலைக்கு அப்படியே கிளம்பவேண்டும்.

முதல் அமர்வை எப்படித் தொடங்குவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். மதுக்கடையில் தொடங்குங்கள், ஆனால் சண்டை முடிந்தபின், காலை ஆறு மணிக்கு. கண்ணாடிச்சில்லுகளுக்கு நடுவே உங்கள் நால்வர் உட்கார்ந்திருக்கிறார்கள், இரவு சுட்டவர்களில் ஒருவன் யாருடைய ஆள் என்பது இன்னும் தெரியவில்லை. கடைக்காரர் வெளியே வந்து, மேசை, நாற்காலி, நாற்பத்திரண்டு போத்தல், ஒரு மின்விசிறி என்று ஒவ்வொன்றாக எழுதிய சீட்டை அவர்கள் முன்னால் வைக்கிறார். அந்தச் சீட்டை நீங்கள் உண்மையிலேயே காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.